கண்டிப் பாதையின் சமிக்ஞை மாற வேண்டிய நேரம்

வியாபாரத்தில் முதலீடு என்றால் பணம் மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். கண்டியிலிருந்து புறக்கோட்டைக்குப் போய்ச் சரக்கு எடுத்துவரும் ஒரு புடவைக் கடைக்காரரைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். சுபஹுக்குப் பின் புறப்பட்டு, கெய்சர் வீதியிலும் பிரதான வீதியிலும் வேலையை முடித்து, இஷாவுக்கு முன் வீடு திரும்பினால் அந்த நாள் லாபம். வழியில் இரண்டு மணித்தியாலம் போய்விட்டால், சரக்கில் கிடைத்த கழிவு பயணத்திலேயே கரைந்துவிடும். கடையைப் பூட்டிவிட்டு வந்த நேரம் திரும்பக் கிடைப்பதில்லை.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இந்தக் கணக்கை எல்லோருக்கும் கசப்பாகப் புரிய வைத்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே பஹல கடுகண்ணாவையில் கற்பாறை சரிந்து கொழும்பு-கண்டி வீதி மூடப்பட்டது. புயலில் மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் மண்சரிவாலும் வெள்ளத்தாலும் சிதைந்தது. மகாவலி மீதான பேராதனைப் புகையிரதப் பாலமும் சேதத்துக்குத் தப்பவில்லை. வீதியும் தண்டவாளமும் ஒரே நேரத்தில் அறுந்தபோது கண்டி எவ்வளவு தனித்துப் போகும் என்பதை நாம் கண்டோம்.

அறுந்த பாதையைச் சீரமைப்பது பற்றி எல்லோரும் பேசுகின்றனர். பாலம், மண் அணை, தண்டவாளம் ஆகியவை கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்கு அதிகம் தெரியாத ஒன்று உண்டு. அதுதான் சமிக்ஞை முறை. ஒரு பாதையில் மணிக்கு எத்தனை வண்டிகள் ஓடலாம், அவை எவ்வளவு பாதுகாப்பாக ஓடலாம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுவே. பாதையை மீளக் கட்டும் காலத்தில் இதைப் பற்றியும் பேசாவிட்டால் இன்னொரு தலைமுறைக்குப் பழைய முறையோடுதான் காலம் தள்ள வேண்டியிருக்கும்.

கோச்சி வந்த கதை

கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல். மலையகக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் நோக்கம். அதற்கு முன்னர் மாட்டு வண்டிகள் வாரக்கணக்கில் கடுகண்ணாவைக் கணவாயில் ஏறி இறங்கின. 1880இல் பாதை மாத்தளை வரை நீண்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தபோதும் பாதை அதே வேலையைத் தொடர்ந்தது. கண்டியில் 'குட்செட்' என்று நாம் வழங்கும் பெயரே, அந்த இடத்தில் பஸ்ஸுக்கு முன்பு சரக்குக் கொட்டகை இருந்ததை நினைவூட்டுகிறது. கீழிருந்து அரிசியும் புடவையும் உப்பும் ஏறி வந்தன. மேலிருந்து தேயிலையும் மிளகும் இறங்கின. அந்தக் கொடுக்கல் வாங்கலில் எமது முன்னோருக்கும் பங்கிருந்தது.

பாதையின் அமைப்பையும் அறிந்துகொள்ள வேண்டும். கொழும்பு கோட்டையிலிருந்து ரம்புக்கனை வரை போவதற்கும் வருவதற்கும் தனித்தனித் தடங்கள் உண்டு. ரம்புக்கனைக்கு மேலே மலையேற்றம் தொடங்குகிறது. கடுகண்ணாவை வரையான ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் வண்டி 400 மீற்றருக்கு மேல் உயர வேண்டும். 44 அடி ஓடினால் ஓரடி உயரும் செங்குத்து அது. அங்கு இருப்பது ஒற்றைத் தடம். ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் அதே தண்டவாளத்தைப் பகிர வேண்டும். இஹலகோட்டை, பலன போன்ற நிலையங்களில் ஒன்று விலகி நின்று மற்றதுக்கு வழிவிட வேண்டும்.

டெப்லட் என்னும் அமானிதம்

ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் புகுந்துவிட்டால் என்னவாகும்? 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்ற இடத்தில் அதுதான் நடந்தது. தந்தியில் போன கட்டளை ஒன்று தவறியதால் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தனர். அதன் பின்னர் எட்வர்ட் டையர் என்ற பொறியியலாளர் உருவாக்கிய சாதனமே டெப்லட் முறை. அது உலகெங்கும் ஒற்றைத் தடங்களுக்குப் பரவியது. எமது மலையகப் பாதையும் தலைமுறைகளாக இதை நம்பியே ஓடி வந்துள்ளது.

முறை எளிது. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் ஒவ்வோர் இயந்திரம் இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குள் வட்டமான உலோகத் தகடுகள் இருக்கும். அதுவே டெப்லட். ஒரு தகடு வெளியே எடுக்கப்பட்டால் இரண்டு இயந்திரங்களும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு அடுத்த நிலையத்தின் இயந்திரத்துக்குள் போடப்படும் வரை இன்னொன்று வெளியே வராது. தகடு கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அந்தப் பகுதிக்குள் வண்டியைச் செலுத்தக் கூடாது. வளையத்தில் கட்டிய தோல் பையை ஓடும் வண்டியில் இருந்து வீசுவதையும், நிலையத்தில் நிற்பவர் அடுத்ததை நீட்டுவதையும் நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வியாபாரிக்குப் புரியும்படி சொன்னால் இது களஞ்சியத்தின் ஒற்றைச் சாவி. சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே உள்ளே போகலாம். அது ஓர் அமானிதம். வாங்கியவர் உரிய இடத்தில் ஒப்படைத்தால்தான் அடுத்தவருக்கு வழி பிறக்கும். நூறாண்டுக்கு மேலாக எத்தனையோ உயிர்களைக் காத்த முறை இது. இதை யாரும் இழிவாகப் பேசக் கூடாது.

ஆனால் ஒற்றைச் சாவியில் ஒரு குறை உண்டு. உதாரணத்துக்கு, இரண்டு நிலையங்களுக்கிடையே ஓட்டம் 15 நிமிடம், தகடு மாற்றி அனுமதி பெற 3 நிமிடம் என்று வைப்போம். ஒரு வண்டி அந்தப் பகுதியை 18 நிமிடம் பிடித்துக்கொள்கிறது. ஆக, மணிக்கு மூன்று வண்டிகளே போகலாம். ஒன்று பத்து நிமிடம் தாமதித்தால் அடுத்த நிலையத்தில் காத்திருக்கும் வண்டியும் தாமதிக்கும். அதனால் அதற்கடுத்த நிலையத்திலும் தாமதம். கடுகண்ணாவைக்குக் கீழே பிடித்த தாமதம் கண்டி வரை வருவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

புதிய முறை என்ன செய்கிறது?

நவீன சமிக்ஞையை நான்கு படிகளாகப் புரிந்துகொள்ளலாம்.

முதற்படி, வண்டி எங்கே நிற்கிறது என்பதைத் தண்டவாளமே சொல்ல வைப்பது. தண்டவாளத்தில் சிறு மின்னோட்டம் பாய்ச்சினால், வண்டியின் சில்லு ஏறியதும் அது மாறும். இன்னொரு வழி, பகுதியின் இரு முனைகளிலும் அச்சுகளை எண்ணும் கருவி வைப்பது. 40 அச்சு உள்ளே போய் 40 அச்சு வெளியே வந்தால் பகுதி வெறுமை. 36 மட்டுமே வந்தால் ஏதோ ஒரு பெட்டி உள்ளே விடுபட்டிருக்கிறது. ஈரமும் மழையும் மிகுந்த மலைப்பாதைக்கு இந்த எண்ணும் கருவி ஏற்றது.

இரண்டாம் படி, நிறவிளக்குச் சமிக்ஞையும் தடமாற்றிகளும் கணினி மூலம் ஒன்றோடொன்று பூட்டப்படுவது. தடமாற்றி தவறான பக்கம் கிடந்தால் பச்சை விளக்கு எரியாது. எதிர்த்திசையில் வண்டிக்கு அனுமதி கொடுத்திருந்தால் இந்தத் திசைக்குக் கொடுக்க முடியாது. இங்கே சாவியைக் காப்பது கணினி.

மூன்றாம் படி, எல்லா நிலையங்களையும் ஓர் அறையிலிருந்து பார்ப்பது. கொழும்பைச் சுற்றிய பாதைகளுக்கு மருதானையில் இத்தகைய கட்டுப்பாட்டு மையம் பல தசாப்தங்களாக உண்டு. யுத்தத்துக்குப் பின் மீளக் கட்டிய வடபகுதிப் பாதைகளுக்கும் இந்திய உதவியுடன் இம்முறை வந்தது. எந்த வண்டியை எங்கே விலக்கி நிறுத்துவது என்பதை முழுப் பாதையையும் பார்த்து ஒருவர் தீர்மானிக்கிறார்.

நான்காம் படி, சாரதி சிவப்பைத் தாண்டினால் வண்டி தானாகவே நிற்பது. இந்தியப் புகையிரதங்களில் 'கவச்' என்ற பெயரில் பொருத்தப்பட்டு வருவது இவ்வகையானதே.

இவற்றுக்கு அப்பால் பெருநகர மெட்ரோக்களில் இன்னொன்று இருக்கிறது. அங்கு பாதையை நிலையான துண்டுகளாகப் பிரிப்பதில்லை. ஒவ்வொரு வண்டியும் தன் இடத்தையும் வேகத்தையும் வானொலி அலை மூலம் ஓயாது அறிவிக்கும். பின்னால் வரும் வண்டி, முன்னே போவதிலிருந்து நிற்கத் தேவையான தூரத்தை மட்டும் விட்டுப் பின்தொடரும். சிங்கப்பூருக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள் அங்குள்ள வடக்கு-தெற்குப் பாதையில் ஏறியிருப்பார்கள். 1987இல் திறக்கப்பட்ட அப்பாதையில் 2017இல் இம்முறைக்கு மாறினார்கள். வண்டிகளுக்கிடையே 120 செக்கனாக இருந்த இடைவெளியை 100 செக்கனாகக் குறைப்பதே இலக்கு. 20 செக்கன் என்பது அற்பமாகத் தெரியலாம். மணிக்கு 30 வண்டி என்பது 36 ஆகிறது. ஒரு தண்டவாளமும் கூடுதலாகப் போடாமல் கிடைக்கும் ஆறு வண்டிகள் அவை.

கண்டிக்கு எது பொருந்தும்?

சிங்கப்பூரின் முறையை அப்படியே கண்டிக்குக் கொண்டு வாருங்கள் என்று கேட்பது அறிவுடைமையாகாது. எமக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி தேவையில்லை. அதற்கான தடமும் இல்லை, வண்டியும் இல்லை. எமக்குத் தேவை முதல் மூன்று படிகளும், கூடவே நான்காவதன் எளிய வடிவமும்தான்.

கண்டி நகரின் நெரிசலை விளக்கத் தேவையில்லை. வாவிக்கும் மலைக்கும் இடையே ஒடுங்கிய நகரம். பேராதனை வீதி, கட்டுகஸ்தோட்டை வீதி இரண்டும் காலையிலும் பாடசாலை விடும் நேரத்திலும் அடைத்துக்கொள்கின்றன. பிங்கா ஓயா பெருகினால் அக்குறணையில் ஏ-9 வீதியும் நின்றுவிடும். அதே நேரம் கடுகண்ணாவை, பிலிமத்தலாவை, பேராதனை, கண்டி, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம என்று ஒரு தண்டவாளம் நகரின் நடுவாகவே போகிறது. இதைப் புறநகர்ச் சேவையாகப் பயன்படுத்தலாம் என்ற யோசனை பல காலமாக உண்டு.

இங்கேதான் சமிக்ஞை உதவும். முன்பு சொன்ன உதாரணத்தையே எடுப்போம். இரண்டு நிலையங்களுக்கிடையே நடுவில் ஒரு நிறவிளக்கை வைத்துப் பகுதியை இரண்டாக்கினால், முதல் வண்டி பாதித் தூரம் கடந்ததும் அடுத்ததை விடலாம். 18 நிமிடமாக இருந்த இடைவெளி 8 நிமிடமாகும். ஒரே திசையில் மணிக்கு மூன்றாக இருந்தது ஏழாகும். காலையில் நகரை நோக்கி வரும் கூட்டம் ஒரே திசையில்தானே வருகிறது!

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. எதிரெதிரே வரும் வண்டிகளுக்கு இது பெரிதாக உதவாது. அவை விலகிக்கொள்ள நிலையங்களில் பக்கத் தடம் வேண்டும். காலையில் வந்த வண்டிகள் நிற்கக் கண்டியில் இடம் வேண்டும். ஆகவே சமிக்ஞை மட்டும் போதும் என்று சொல்பவரையும் நம்பக் கூடாது, இரட்டைத் தடம் போட்டால் மட்டுமே முடியும் என்று சொல்பவரையும் நம்பக் கூடாது. பக்கத் தடமும் சமிக்ஞையும் சேர்ந்தால், முழு இரட்டைத் தடத்துக்கான செலவின் ஒரு பகுதியிலேயே பெரும் பயன் கிடைக்கும்.

செலவு எவ்வளவு?

இக்கேள்விக்கு எமது நாட்டிலேயே ஓர் அளவுகோல் உண்டு. 2025 ஏப்ரல் 6ஆம் திகதி அநுராதபுரத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் மஹவ-ஓமந்தை பாதையின் புனரமைப்பைத் திறந்து வைத்தனர். 128 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதைக்குச் செலவு 91.27 மில்லியன் டொலர். அதே நிகழ்வில் மஹவ-அநுராதபுரம் பகுதிக்கான நவீன சமிக்ஞைத் திட்டமும் ஆரம்பிக்கப்பட்டது. அதற்கு இந்தியா நன்கொடையாக ஒதுக்கியது 14.89 மில்லியன் டொலர். அந்தப் பகுதி 66 கிலோமீற்றர். அதாவது கிலோமீற்றருக்கு ஏறத்தாழ இரண்டேகால் இலட்சம் டொலர்.

ரம்புக்கனையிலிருந்து கண்டி வரை 37 கிலோமீற்றர் அளவில் இருக்கும். அதே வீதத்தில் பெருக்கினால் எட்டு மில்லியன் டொலரைச் சற்றுத் தாண்டுகிறது. சமவெளியும் மலையும் ஒன்றல்ல. சுரங்கங்கள், வளைவுகள், கேபிள் புதைக்கக் கடினமான பாறை ஆகியவற்றால் செலவு கூடும். இரு மடங்கானாலும் அது ஒரு சில கிலோமீற்றர் அதிவேக நெடுஞ்சாலைக்குக்கூடப் போதாத தொகை. மண் அணைகள் மீளக் கட்டப்படும்போதே கேபிளுக்கான குழாய்களையும் புதைத்துவிட்டால், பின்னர் மீண்டும் தோண்டும் செலவு மிஞ்சும். கடைக்குச் சீமெந்துத் தரை போட்ட பிறகு தண்ணீர்க் குழாய் பதிக்க உடைப்பவர் எவ்வளவு நட்டப்படுவார் என்பது கட்டடப் பொருள் வியாபாரிகளுக்குத் தெரியும்.

மலைப்பாதைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சரிவுகளில் பாறை விழுவதை உணரும் வேலிகளையும் மண் அசைவை அளக்கும் கருவிகளையும் இதே கேபிளோடு இணைக்கலாம். சரிவு ஏற்பட்டவுடன் முன்னுள்ள விளக்கைச் சிவப்பாக்க அது உதவும்.

இயந்திரம் மட்டும் காப்பாற்றாது

பாதுகாப்பைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். 2011 செப்டெம்பர் 17இல் அலவ்வையில் நின்ற வண்டியின் மீது இன்னொரு வண்டி மோதி உயிரிழப்பு ஏற்பட்டது. 2014 ஏப்ரல் 30இல் பொத்துஹெரவில் இரண்டு வண்டிகள் மோதி அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சாரதியின் கவனத்தை மட்டும் நம்பியிராமல் வண்டியைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு ஏன் தேவை என்பதற்கு இவை சாட்சி. 2005 ஏப்ரல் 27இல் அலவ்வைக்கருகே யாங்கல்மோதரக் கடவையில் பஸ்ஸொன்று புகையிரதத்தில் மோதுண்டு முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இன்றும் மறக்க முடியாது. எந்தச் சமிக்ஞையும் வீதியில் அவசரப்படுகிறவரின் புத்தியை மாற்றாது.

மறுபுறம், நவீன முறை வந்துவிட்டால் ஆபத்தே இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. 2023 ஜூன் 2இல் இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் பாலசோருக்கு அருகே நடந்த விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சமிக்ஞைக் கம்பி இணைப்பில் பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த தவறே வண்டியைத் தவறான தடத்துக்குத் திருப்பியது. சிங்கப்பூரிலும் பழைய முறையிலிருந்து புதியதற்கு மாறும் காலத்தில், 2017 நவம்பர் 15இல் ஜூ கூன் நிலையத்தில் ஒரு வண்டி மற்றொன்றில் மோதி முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பழையதும் புதியதும் கலந்திருக்கும் காலமே மிகவும் கவனம் தேவைப்படும் காலம். புதிய கருவியோடு பயிற்சியும் உதிரிப்பாகமும் பராமரிப்பு ஒப்பந்தமும் சேர்ந்து வர வேண்டும். கருவியைப் பொருத்திவிட்டு நிபுணர்கள் விமானம் ஏறிவிட்டால், அடுத்த மழைக்கே நாம் பழைய தகட்டைத் தேடுவோம்.

இங்கே எமது சமூகத்துக்கென ஒரு வார்த்தை. நவீன சமிக்ஞை முறை செப்புக் கம்பிகளை நம்பியிருக்கிறது. செப்பின் விலை ஏறும்போதெல்லாம் அவை வெட்டப்படும் ஆபத்தும் ஏறுகிறது. வெட்டப்பட்ட கம்பி எங்கோ ஒரு பழைய இரும்புக் கடையில்தான் தராசில் ஏறுகிறது. அந்தத் தொழிலில் எம்மவர் பலர் இருக்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் நேர்மையானவர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கம்பியை வாங்க மறுப்பது சட்டத்துக்குப் பயந்து செய்யும் காரியம் மட்டுமல்ல. அந்தக் கம்பி அறுந்ததால் ஆயிரம் பேர் வழியில் தவிக்கிறார்கள். அதில் வரும் லாபத்தில் பரக்கத் எப்படி இருக்கும்?

நாம் என்ன செய்யலாம்?

எமது வர்த்தகச் சங்கங்கள் வீதி, வரி, வாகனத் தரிப்பிடம் பற்றி மனுக் கொடுக்கின்றன. புகையிரதம் பற்றி எதையும் கேட்பது அரிது. புனரமைப்பு பேசப்படும் இக்காலத்தில் நான்கு விடயங்களைப் போக்குவரத்து அமைச்சிடமும் எமது மாவட்டப் பிரதிநிதிகளிடமும் எழுத்தில் கேட்கலாம்.

ஒன்று, ரம்புக்கனைக்கு மேலே சீரமைக்கப்படும் பகுதிகளில் சமிக்ஞைக் கேபிளுக்கான குழாய்களும் சேர்த்துப் பதிக்கப்படுகின்றனவா? இரண்டு, கடுகண்ணாவை முதல் வத்தேகம வரையான பகுதியைப் புறநகர்ச் சேவைக்கு ஏற்ற விதத்தில், பக்கத் தடங்களோடு சேர்த்துத் திட்டமிட முடியுமா? மூன்று, குட்செட் பகுதியில் அமையும் பல்வகைப் போக்குவரத்து நிலையத்தில் இறங்குபவர், புகையிரத நிலையத்துக்கு மழையில் நனையாமல் நடந்து போகவும், அங்கேயே வண்டி வரும் நேரத்தைத் திரையில் பார்க்கவும் ஏற்பாடு இருக்குமா? வண்டியின் இடம் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்தால் அதைப் பயணிக்கும் சொல்வது பெரிய காரியமல்ல. நான்கு, இரவில் ஒரு சரக்கு வண்டியாவது கண்டிக்கு உறுதியான நேரத்தில் வந்து சேர முடியுமா?

கடைசிக் கேள்வி எமக்கு மிக முக்கியமானது. லொறிக் கூலி ஏறும்போது வியாபாரி விலையை ஏற்றுகிறான்; வாங்குபவர் குறைகிறார். நம்பி நேரம் குறிக்கக்கூடிய புகையிரதச் சேவை இருந்தால் கடையில் குவித்து வைக்கும் சரக்கையும் குறைக்கலாம். நாளை காலை நிச்சயம் வரும் என்றால் பத்து நாள் இருப்பு எதற்கு? முடங்கிக் கிடக்கும் பணம் விடுபடும். கடன் எடுக்கும் தேவையும் வட்டியின் பக்கம் தள்ளப்படும் நெருக்கடியும் குறையும்.

முன்னோர் கோச்சியை நம்பி மலையேறி வந்து கடை திறந்தனர். அவர்கள் காலத்து டெப்லட் தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது. அதை மரியாதையோடு அருங்காட்சியகத்துக்கு அனுப்பி வைக்கலாம். கடுகண்ணாவையில் அதற்கென ஒரு புகையிரத நூதனசாலையும் உண்டு. பாதை மீளத் திறக்கும்போது பழையதே திரும்பி வர வேண்டுமா, நல்லதொன்று வர வேண்டுமா என்பதை இப்போது கேட்பவர்களே தீர்மானிப்பார்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்த விடயத்தை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். இன்ஷா அல்லாஹ், பயன் கிட்டும்.